பக்க அடையாளம் வைக்காதவர்

கடைசி ஒன்றரை வருடம் மருதமுத்து சார் தினமும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அப்போது அவர் வாசித்தாரா? அவருடைய மனைவி லட்சுமி அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. எனக்கு விடை தெரியாது.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, உத்தமபாளையம் போகும் பேருந்துக்காகக் கம்பத்தில் நின்றுகொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. "தங்கச்சி, சார் போயிட்டாக," என்றார். நான் சாலையைக் கடந்து கூடலூர் பேருந்தில் ஏறினேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை; உத்தமபாளையத்தில் நானும் வேலை பார்க்கும் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். கூடலூரில் அவர் ஏறுவார், கம்பத்தில் நான் ஏறுவேன். பல ஆண்டுகள் ஒரே பேருந்து. நான் ஏறும்போது அவர் மடியில் புத்தகம் விரிந்திருக்கும். வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைப்பார்.

நிறுத்திய பக்கத்தில் அவர் அடையாளம் வைக்க மாட்டார். மறுநாள் திறக்குமுன் முந்தின நாள் படித்ததை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பார். நினைவு எதுவரை வருகிறதோ அங்கிருந்து தொடர்வார். வராவிட்டால் அத்தியாயத்தின் தொடக்கத்துக்கே திரும்பிவிடுவார். அதனால் ஒரு புத்தகம் மாதக்கணக்கில் ஓடும். நடத்துநர் சும்மா விட மாட்டார்.

"என்ன சார், தீபாவளிக்குப் பாத்த அதே அட்டை. பெயிலாயிட்டீகளா?"

"அரியர் வச்சிருக்கேன்ப்பா. மெதுவா எழுதிக்கிறேன்."

நான் வேகமாகப் படிப்பவள். ஒருமுறை, விடுமுறையில் அரை அலமாரியை முடித்துவிட்டதாகச் சொன்னேன். "முடிச்சீக, சரிம்மா. அதுல ஒண்ணச் சொல்லுங்க, கேப்போம்," என்றார். கல்லூரி வாசல்வரை ஏதோ சொல்லிக்கொண்டு வந்தேன். "இது பின்னட்டையில இருக்கிறதுல்ல?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் முறை எல்லோருக்கும் பொருந்தும் என்று இன்றும் நான் நம்பவில்லை.

ஆனால் படித்தது அவரிடம் தங்கியது. மண்ணைப் பற்றிய ஒரு நூலைக் கோடை முழுவதும் படித்தார். படித்து முடித்ததும் தோட்டத்தில் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்தினார். கூட்டாக விவசாயம் பார்த்த தம்பியோடு பேச்சு அறுந்தது. "படிச்சதுக்கு அப்புறமும் அடிச்சா எதுக்கும்மா படிக்கணும்?" என்றார். அந்தப் பிணக்கு கடைசிவரை தீரவில்லை.

வாசிப்பைப் பற்றி மாணவர்களிடம் பேச ஒருமுறை அவரை மேடையேற்றினார்கள். "தெனமும் ஒரே நேரத்துல உக்காருங்க. கொஞ்சமாப் படிங்க. புத்தகத்த மூடிட்டு, படிச்சத யாருகிட்டயாவது சொல்லிப் பாருங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி முதல்வர் விழித்தார்.

பிறகு பக்கவாதம் வந்தது. கை கால் தேறின. பேச்சு ஒன்றிரண்டு சொற்களாகச் சுருங்கியது. எழுத்து கண்ணில் படும், ஆனால் சொல்லாகச் சேராது என்றார் மருத்துவர். படிக்கும் திறன் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். "படிச்சுப் படிச்சுத்தான் மூள கெட்டுப்போச்சு," என்று உறவினர் சிலர் அக்காவின் காதுபடவே பேசினார்கள்.

ஆனாலும் முன்பு பேருந்தில் படித்த அதே நேரத்துக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். எந்நாளும் முதல் பக்கம்தான். உதவியாக இருக்கட்டுமென்று பூக்கட்டும் நாரை அக்கா அடையாளமாக நடுப்பக்கத்தில் வைத்தார். அதை எடுத்து அக்காவின் கையிலேயே கொடுத்துவிட்டு, மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். புரிகிறதா என்று கேட்டால், "இருக்கட்டும்," என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை அடுப்படிக்கு அழைத்தார். "நீ படிச்ச புள்ள. நெசத்தச் சொல்லு. அவுக படிக்கிறாகளா, சும்மா பாத்துக்கிட்டு இருக்காகளா? படிக்கிறாகன்னா உள்ளுக்குள்ள இருக்காகன்னு நெனச்சுக்கிருவேன். நான் பேசுறதும் கேக்கும்ல?"

கூடத்தில் இருந்தவரைப் பார்த்தேன். கண்கள் வரிகளில் நகர்வதுபோல் இருந்தது. நகர்வதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. "தெரியலக்கா," என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அவரைப் பற்றித் தெரியாததைச் சொல்ல வாய் வரவில்லை.

செவ்வாய் மாலை அவரைக் கொண்டுபோனார்கள். தம்பியும் வந்து தோள் கொடுத்தார். குமுளியிலிருந்து ஆள் ஏற்றி வந்த ஜீப்புகள் ஓரமாக நின்று வழிவிட்டன. எந்த வரியில் நிறுத்தினீர்கள் என்பது தெரியாமலே உங்களுக்கு விடை கொடுக்கிறேன், சார்.

மறுநாள் காலை ஆண்கள் பால் ஊற்ற மயானத்துக்குப் போயிருந்தார்கள். நான் சென்றபோது அக்கா அந்த நாற்காலியில், அந்தப் புத்தகத்தோடு இருந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்; படிக்கப் படிக்க உதடுகள் அசைந்தன. ஒரு பக்கம் முடிய வெகுநேரமாயிற்று. வாசலிலேயே நின்றேன்.

"இந்தப் பக்கத்த முழுசாப் படிச்சிட்டேன், தங்கச்சி. ஒண்ணுமே மனசுல நிக்கல."

"வச்சிருங்கக்கா. அப்புறம் பாத்துக்கலாம்."

"மூடவும் மனசு வரல." என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணும் நிக்கல, சரி. ஆனா நான் உள்ளுக்குள்ளதான இருக்கேன்?"

"ஆமாக்கா," என்றேன்.