மூன்று தசம் ஆறு இரண்டு

டோர்ட்மண்டில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் ராசனைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

"அண்ணை, கார் எந்தளவில நிக்குது? இந்த முறை கேவலார் திருவிழாவுக்குக் கொண்டு வாறியளோ?"

ராசன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவர். அந்தக் காருக்காக அவர் செய்த ஒரே வேலை, கராஜுக்குச் சாப்பாடு கொண்டுபோனது. அதை அவர் ஒளிப்பதும் இல்லை. "நான் பார்சல் சேர்விஸ் மட்டும்தான். கட்டுறது இவ," என்று பக்கத்தில் நிற்கும் மனைவியைக் காட்டுவார். கேட்டவர்கள் பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள். அடுத்த பூசைக்கும் அவரிடமே வந்து கேட்பார்கள்.

மனைவி கொறற்றிக்கு ஐம்பத்தொரு வயது. பேசாலையில் பிறந்து, பதின்மூன்று வயதில் ஜெர்மனிக்கு வந்தவள். பிள்ளைகள் வளர்ந்தபின் முப்பத்தாறாவது வயதில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து, இரும்பு கடையும் தொழிற்சாலையொன்றில் பதினைந்து வருடமாக லேத் மெஷினில் நிற்கிறாள். கூட வேலை செய்யும் ஒருவன் கிட் கார் ஒன்றைப் பற்றிச் சொன்னபோதுதான் இது தொடங்கியது. சட்டம், உடல், இருக்கை எல்லாம் பெட்டிகளில் வந்து இறங்கும். இன்ஜினையும் பின் அச்சையும் மட்டும் பழைய கார்களில் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் வராத அந்தப் பகுதிதான் அவளைப் பிடித்துக்கொண்டது. எந்தக் காரில் எடுப்பது?

முதல் இரண்டு மாரிகாலமும் அந்தக் கேள்வியிலேயே போனது. பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் இரும்புக் குடுவைக்கு டிஃபரென்ஷியல் என்று பெயர். இன்ஜினிலிருந்து வரும் நீண்ட தண்டின் சுற்றை அது இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுக்கும். அதிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு அச்சுத்தண்டு போகும். பி.எம்.டபிள்யூ ஒன்றிலிருந்தும், ஜப்பான் கார் ஒன்றிலிருந்தும், பழைய ஃபோர்ட் சியராவிலிருந்தும் இவற்றைக் கொண்டுவந்து, குளியலறைத் தராசில் நிறுத்தாள், தண்டுகளின் நீளத்தை அளந்தாள், கொப்பியில் எழுதினாள். அதே தராசில் ஏறி நின்ற ராசன், காலில் ஒட்டிய கிறீஸைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறி நின்றார். கடைசியில் சியராவைத் தேர்ந்தாள். அதில் தண்டை உள்ளே குத்திச் செருகும் வகை ஒன்று, ஆறு போல்ட் போட்டு முடுக்கும் வகை ஒன்று. இரண்டாவதைக் கழற்றிக் கழற்றிப் பார்க்கலாம். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஆறு வருடத்தில் கார் முடிந்தது. ஆனால் யூலையில் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது ஆய்வாளர் கீழே குனிந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். காருக்கான பத்திரத்தில் இருந்த எண் 3.62. டிஃபரென்ஷியலில் தொங்கிய தகட்டில் இருந்தது 3.92. சக்கரங்கள் ஒருமுறை சுற்ற, நீண்ட தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதே அந்த எண். பெரிய எண் போட்டால் கார் பாய்ந்து கிளம்பும் என்று ஆசைப்பட்டு மாட்டியவள் கொறற்றிதான். சத்தமும் புகையும் 3.62ஐ வைத்தே கணிக்கப்பட்டிருந்தன. பரிசோதனைக்குக் கிடைத்த அடுத்த நாள், அடுத்த டெர்மின், ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதை விட்டால் செப்டம்பர் கடைசி. கேவலார் மாதா திருவிழா அந்தச் செவ்வாய்க்குப் பின் வரும் சனிக்கிழமை. ஜெர்மனி முழுவதிலுமிருந்து தமிழர் வந்து கூடும் அந்த இடத்துக்கு, அவள் தானே ஓட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டும். இனி யாரும் ராசனிடம் கேட்கக்கூடாது.

திருவிழாவுக்கு ஒரு கிழமை முன், சனிக்கிழமை காலையில், பழைய கார்கள் உடைக்கும் இடமொன்றிலிருந்து இரண்டு சியரா டிஃபரென்ஷியல்களுடன் வந்தாள். இரண்டிலும் தகடு இல்லை. எண்ணித்தான் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சோக்கட்டியால் கோடு போட்டு, நீண்ட தண்டு மாட்டும் முன்பக்கத்தைக் கையால் சுற்றி, இடது கோடு திரும்பி மேலே வரும்வரை எண்ணினாள். முதலாவது மூன்றுக்குச் சற்று மேல். பயனில்லை. இரண்டாவதில் வலது தண்டு கழலவில்லை, ஒரு போல்ட்டின் தலை தேய்ந்து வழுக்கியது. தண்டைப் பியர்ப் பெட்டி ஒன்றின் மேல் சாய்த்து வைத்தபடியே எண்ணினாள். மூன்று தசம் நாலு. மறுபடியும் எண்ணினாள். மூன்றாம் தரமும் அதேதான்.

டுசல்டோர்ஃபில் இதே கிட் காரை வேறு இன்ஜினோடு கட்டிக்கொண்டிருந்த ஸ்ரீதரனுக்குத் தேவைப்பட்டது 3.38. அவன் கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலை. அவள் ஃபோன் பண்ணியதும் அதை எடுத்துப்போகக் கிளம்பி வந்துவிட்டான்.

"வணக்கம் அக்கா. பேஷண்ட் எங்க?"

"மேசையில கிடக்கு. வலது கை இன்னும் கழரேல்லை, பார்த்துத் தூக்குங்கோ."

"ரேஷியோ கன்ஃபார்ம்தானே? வீட்டுக்குப் போய் வேற நம்பர்னு தெரிஞ்சா, என் வைஃப் மீரா என்னையும் சேர்த்து டிக்கியில வெச்சுப் பூட்டிடுவா."

"மூண்டு தரம் எண்ணினனான் தம்பி."

"அப்ப உங்க செவ்வாய்க்கிழமை?"

"அது ஏலாது. விடுங்கோ."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கராஜ் வாசலை எட்டியபோது கொறற்றி நின்றுவிட்டாள்.

"பொறுங்கோ. கீழ வையுங்கோ."

"என்னக்கா, இடுப்பா?"

"இந்தக் கோடு ஏன் இங்க நிக்குது?"

இடது பக்கக் கோடு விட்ட இடத்திலேயே, நேரே மேலே நின்றது. வலது பக்கக் கோடு, மூன்று தரம் எண்ணியதும் சேர்ந்து, கிட்டத்தட்ட அரைச் சுற்றுப் பின்தங்கி, கீழ்நோக்கிச் சரிந்து நின்றது.

அவள் அப்படியே குந்தியிருந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். லேத்தில் ஒரு இரும்புத்தண்டைப் பூட்டினால் இந்த முனை எவ்வளவு சுற்றுகிறதோ அந்த முனையும் அவ்வளவே சுற்றும். பதினைந்து வருடம் அப்படித்தான் ஒரு முனையை மட்டும் பார்த்துப் பழகிய கண். ஆனால் இது அப்படியில்லை. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாக ஓட வேண்டும் என்பதற்காகவே இந்தக் குடுவையைச் செய்திருக்கிறார்கள். வலது பக்கத்தில் தண்டு கிடந்து இழுத்தது, அதனால் அது சோம்பியது. அந்த மிச்சச் சுற்றை இடது பக்கம் எடுத்துக்கொண்டு முந்தி ஓடிவிட்டது. அவள் முந்தி ஓடியதை மட்டும் எண்ணியிருக்கிறாள்.

ஸ்ரீதரனுக்குச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, டிஃபரென்ஷியல்ங்கிறதே அதுக்குத்தானே?"

"தெரியும். ஆறு வருஷமாத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் மறந்தனான்."

"அப்ப எப்படி எண்றது?"

"ஒண்டை அசையாமப் பிடிச்சால், அதின்ர பங்கையும் மற்றதுதான் சுத்தும். அப்ப ஒரு சுத்துக்குப் பதிலா ரெண்டு சுத்து. தண்டை இறுக்கிக் கட்டிப்பிடியுங்கோ."

அவன் தரையில் உட்கார்ந்து வலது தண்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். அவள் முன்பக்க விளிம்பைச் சுற்றிக் காகிதம் ஒட்டி, பத்துப் பாகமாகப் பிரித்துக் கோடு போட்டாள். இடது கோடு இரண்டு தரம் மேலே வரும்வரை சுற்றினாள். மூன்று முழுச்சுற்று. ஆறு கோடு. ஏழாவதை நோக்கிக் கொஞ்சம். பின் இடது பக்கத்தைக் கட்டிவிட்டு வலது கோட்டை அப்படியே எண்ணினாள். அதே இடத்தில் வந்து நின்றது.

"இது என்னோடது இல்ல போலிருக்கே," என்றான் ஸ்ரீதரன், தண்டை விடாமலே.

"இல்லை."

"ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து, கிரீஸைக் கட்டிப்பிடிச்சுட்டு, வெறுங்கையோட போறேன்."

"வெறுங்கையோட ஏன் போறியள்? ராசன் கொத்துரொட்டி கொண்டு வாறார். உங்கட மூண்டு முப்பத்தெட்டை நான் தேடித் தாறன். இனி எண்ணத் தெரியும்தானே."

தேய்ந்த போல்ட்டை அன்று மாலையே அறுத்தெடுத்தார்கள். ஞாயிறு முழுக்க அவள் காரின் அடியில் கிடந்தாள். பூசைக்கு ராசன் தனியாகப் போய்வந்தார்.

"இண்டைக்கும் என்னட்டைத்தான் கேட்டவை," என்றார், அவளுடைய கால்களைப் பார்த்து.

"என்ன சொன்னியள்?"

"செவ்வாய்க்கிழமை சொல்லுறன் எண்டனான்."

செவ்வாய்க்கிழமை அதே ஆய்வாளர். காரை உயர்த்தி, விளக்கடித்துத் தகட்டைத் தேடினார்.

"எண் எங்கே?"

"தகடு இல்லை. எண்ணிக் காட்டட்டுமா?" என்றாள் அவள் ஜெர்மனில்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு விளக்கைக் கீழே வைத்தார். இடது சக்கரத்தை அவள் பிடித்துக்கொள்ள, வலது சக்கரத்தை அவர் மெல்ல மெல்ல இரண்டு தரம் சுற்றினார். கண் நீண்ட தண்டில் அவள் போட்டிருந்த கோட்டிலேயே இருந்தது. மூன்று என்றார். ஆறு என்றார். கொஞ்சம் நின்று, சரி, ஆறு இரண்டு என்று வைத்துக்கொள்வோம் என்றார்.

"ஏன் இரண்டு சுற்று?"

அவள் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர் சுற்றி வந்து அவள் பக்கச் சக்கரத்தைத் தானே பிடித்துக்கொண்டார்.

"இப்போது நீங்கள் சுற்றுங்கள். எனக்கு அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்."

பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, மேசையிலிருந்த படிவத்தை எடுத்தார். பிரேக், விளக்கு, பெல்ட் எல்லாவற்றுக்கும் அடையாளமிட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"காரைக் கட்டியவர் பெயர்?"

ராசன் வாசலில் சாப்பாட்டுப் பையோடு நின்றார். ஆய்வாளர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கொறற்றி தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.