கச்சான் நின்ற ஒரு மணி நேரம்

1974 ஆகஸ்ட் 26, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பது. வைப்பாற்றுக்கு வடக்கே, உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலையோரத்தில் என் மைத்துனன் சேவியர் கிடந்தான். முறிந்த மூங்கிலின் நுனி அவன் வலது தொடையில் ஆழமாக இறங்கியிருந்தது. கயிற்றால் இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. என் மனைவிக்கு அவன் ஒரே தம்பி. வயது இருபத்து மூன்று. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அன்பானவர்களே, இது எப்படி நேர்ந்தது என்று சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன்.

வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு ஏழு பேர் தூத்துக்குடியிலிருந்து சைக்கிளில் கிளம்பினோம். என்னைத் தவிர ஆறு பேரும் தோணியில் கொழும்புக்குப் போய்வரும் கடலோடிகள். நான் துறைமுகத்தில் குமாஸ்தா. தினமும் காற்றையும் மழையையும் நோட்டில் குறித்துவைப்பது என் பழக்கம். அன்று விடியும்போது வானம் தெளிந்திருந்தது. ஏழரைக்குத் தூறல். ஒன்பதுக்குச் சுள்ளென்று வெயில். அதற்குள் கச்சான் எழும்பிவிட்டது. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று எங்கள் முதுகைப் பிடித்துத் தள்ளியது.

முதுகில் காற்று பட்டால் கடலோடிக்குக் கை சும்மா இருக்காது. சேவியர் சைக்கிளை நிறுத்தினான்.

"ஏலே, இவ்வளவு காத்தையும் வீணாக்கிட்டு மிதிச்சிக்கிட்டுப் போறோமே. பாயைக் கட்டுவோம்லே!"

எங்களில் மூத்தவர் மிக்கேல் அண்ணன். தோணி ஓட்டும் தண்டல். தடுப்பார் என்று பார்த்தேன். "கட்டுல, கட்டு. வேளாங்கண்ணில போய் நங்கூரத்தைப் போடு" என்று சிரித்தார்.

உப்பளத்துக் காவல்காரரிடம் இரண்டு மூங்கில் வாங்கினார்கள். ஒன்றைச் சேவியர் தன் சைக்கிளில் நட்டு, படுக்க எடுத்துவந்த கித்தானைப் பாயாக ஏற்றினான். மற்றது இன்னொரு சைக்கிளுக்கு.

"அத்தான், நோட்டுல எல்லாம் எழுதுதியளே, இந்தக் காத்து எப்ப விழும்?"

"சாயங்காலம் வரைக்கும் விழாது. அஞ்சு வருசத்துல, ஆகஸ்ட்ல பகல்ல கச்சான் நின்ன நாளே கிடையாது" என்றேன் பெருமையாக.

மிதிக்காமலே பறந்தான். "நீங்க மெதுவா வாங்க அத்தான், வேம்பார்ல பாப்போம்!"

பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு கையில் இருக்க வேண்டும். காற்று மிஞ்சினால் விட்டுவிட வேண்டும். தோணியில் அதற்கென்று ஓர் ஆள் நிற்பான். சைக்கிளைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்ததால் சேவியர் அந்தக் கயிற்றைச் சீட்டுக்கு அடியில் முடிந்துவிட்டான். சாலை வளைந்தது. காற்று வளையவில்லை. சைக்கிளும் ஆளுமாகச் சாலைக் கரையிலிருந்து உப்பளத்துக்குள் புரண்டான்.

நாங்கள் கடந்து வந்த ஊரில், ஆறு கிலோமீட்டர் தெற்கே, கன்னியாஸ்திரிகள் நடத்தும் மருந்தகம் இருந்தது. பஸ் இனி மாலையில்தான். மிக்கேல் அண்ணன் இரண்டு சைக்கிள்களை இடைவெளி விட்டு நிறுத்தி, மூங்கில்களைக் குறுக்கே கட்டி, நடுவில் கித்தானைத் தொங்கவிட்டுச் சேவியரைக் கிடத்தினார். பதினொரு மணிக்குத் தள்ளத் தொடங்கினோம். இப்போது கச்சான் எங்கள் முகத்தில். மணலை வாரி அடித்தது. ஆறு பேரும் மாறிமாறித் தள்ளியும் அரைக் கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. அப்படியானால் மொத்தம் ஐந்து மணி நேரம். அவன் தாங்கமாட்டான்.

மற்றவர்கள் தள்ளிக்கொண்டே ஜெபமாலை சொன்னார்கள். என் வாய் திறக்கவில்லை. நான் படித்தவன். நடக்கக்கூடியது எது என்று பார்த்து, அதை மட்டுமே கடவுளிடம் கேட்டுப் பழகியவன். ஆகஸ்ட் மாதத்துக் கச்சானை நிறுத்தும்படி எப்படிக் கேட்பது?

சேவியரின் உதடு வெளுத்துவிட்டது. "அத்தான், அக்காட்ட என்ன சொல்லுவிய?" என்றான். சிரிக்கப் பார்த்தான்.

அந்த மணலிலேயே முழங்காலிட்டேன். "மாதாவே, உம் மகனிடம் சொல்லும். இந்தக் காற்று நிற்க வேண்டும். நிற்காது என்று சொன்னவன் நான்தான். என் வாயைப் பொய்யாக்கும்."

பதினொன்று முப்பதுக்குக் கேட்டேன். பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கச்சான் நின்றது. மேற்கே ஒரு கருமேகம் எழும்பியிருந்தது. உப்பளத்துத் தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மிக்கேல் அண்ணன் கத்தினார்: "என்னத்தலே பாத்துக்கிட்டு நிக்கிய? தள்ளுங்கலே! அம்மா வழிவிட்டுட்டா!"

ஓட்டமும் நடையுமாகப் போனோம். பன்னிரண்டு நாற்பதுக்கு மருந்தகம். சிஸ்டர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபோது, மழையும் கச்சானும் சேர்ந்து வந்து கதவை அறைந்தன. ரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போட்ட பிறகுதான் அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். "பாய் கட்டுன சைக்கிளா? உங்களுக்கெல்லாம் புத்தி எங்க போச்சு?" என்று ஏழு பேரையும் ஒன்றாகத் திட்டினார். அந்தத் திட்டு எனக்குப் பாட்டுப்போல இருந்தது. மாலையில் ஒரு ஜீப்பில் தூத்துக்குடிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாற்பத்தொரு நாள் படுக்கை. பிழைத்தான்.

மழைமேகம் நெருங்கும்போது சில வேளை காற்று இப்படி ஓயும் என்று பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மேகத்தை அந்த ஒரு மணி நேரத்துக்கு அங்கே அனுப்பியவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் துளியும் இல்லை.

மறுவருடம் அதே ஏழு பேரும் பாய் இல்லாமல் மிதித்தே வேளாங்கண்ணிக்குப் போய், பாதியில் நின்ற யாத்திரையை முடித்தோம். சேவியருக்குக் கால் கொஞ்சம் இழுக்கும். என் ஜெபமும் மாறிவிட்டது. எது நடக்கும், எது நடக்காது என்று கடவுளுக்காக நான் தீர்மானிப்பதில்லை.

இதைப் படிக்கிற உங்களிடமும், நடக்கவே நடக்காது என்று நீங்களே முடிவுகட்டி, கேட்காமல் வைத்திருக்கும் ஒன்று இருக்கும். அதை இன்றைக்குக் கேளுங்கள்.