லண்டன்காரிக்கு அடிச்ச பச்சை பெயிண்ட்

புது எனாமல் பெயிண்ட் வாசனை மூக்குல ஏறுச்சுன்னா எனக்கு இப்பவும் வயிறு எரியும்...

அல்சர் இல்ல மக்களே. பொறாமை. ஒளிக்காமச் சொல்லுதேன்.

எம்மவ செல்வி அப்ப ஒம்பதாப்பு. கோவில்பட்டிக்குத் தெக்க, கரிசக்காட்டுக்குள்ள இருக்க எங்க ஊரு பள்ளிக்கூடத்துக்கும் வெளிநாட்டுல ஒரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு ஏற்பாடு. அங்க உள்ள பிள்ளைக இங்கன வந்து வீடுகள்ல தங்கி நம்ம பழக்கவழக்கம் பாக்கணும். தண்ணி, மரம், குப்பைன்னு சுற்றுச்சூழல் பாடமும் படிக்கணும். எங்க தெருவுக்கு ஒரு பிள்ளை. அது எந்த வீட்டுல தங்குதோ, அந்த வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வருசம் அங்க போக பிளேன் டிக்கெட்.

அது டென்மார்க்குன்னு செல்வி சொல்லுவா. நான் லண்டன்னே சொல்லிக்கிடுவேன். டென்மார்க்குன்னா எங்க இருக்குன்னு நாலு பேரு கேப்பான், எனக்கும் தெரியாது.

"நம்ம வீட்டுக்குத்தாம்ப்பா வரணும்"னு செல்வி ஒத்தக் கால்ல நின்னா.

நான் எட்டாப்போட நின்ன ஆளு. தீப்பெட்டி ஆபீசுக்கு லோடு வண்டி ஓட்டிட்டு இருந்தேன். ஆனா ஒரு காரியம்னு இறங்கிட்டா இந்த ஜில்லாவுல என்னை அடிச்சுக்க ஆளு கிடையாது...

வீடு முழுக்கப் பச்சை பெயிண்ட். செல்வி கொண்டாந்த சுற்றுச்சூழல் புஸ்தகத்து அட்டை அந்தக் கலருதான். அம்புட்டுத் தூரத்துல இருக்க கடம்பூருல நின்னு பாத்தா எங்க வீடு தெரியும்.

மழை பேஞ்சா கரிசல் மண்ணு காலுல அப்பி ஆளுக்கு ஒரு பூட்ஸ் மாட்டி விட்டுரும். வெள்ளைக்காரப் பிள்ளை வழுக்கி விழுந்துறக் கூடாதுல்ல... வாசல் முத்தம் பூராவும் சிமெண்டு. குடிக்க மட்டுமில்ல, குளிக்கவும் பாட்டில் தண்ணி வாங்கி உத்திரம் வரைக்கும் அடுக்கிட்டேன். பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், கடம்பூர் போளி.

எதுத்த வீட்டுல என் வீட்டுக்காரியோட தம்பி சுப்பையா. நாலு ஆடு, மண் முத்தம், காஞ்ச பருத்திச் செடிமாரை எரிக்கிற அடுப்பு. பாத்திரம் கழுவுன தண்ணிய முருங்கை மரத்து மூட்டுக் குழியில ஊத்துவான். அவன் மக முத்துவும் செல்வி வகுப்புதான். ஆனா சுப்பையா ஒண்ணும் பண்ணல. தலையக்கூட சீவல.

வீடு பாக்க நம்ம சயின்ஸ் டீச்சரும் அந்த லண்டன் ஊரு டீச்சரும் முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வந்தாக.

"குடிச்சிட்டுத் தூரப் போட்டுறலாம் டீச்சர். கழுவுற வேலையே கிடையாது"ன்னு பிளாஸ்டிக் டம்ளரை நீட்டுனேன்.

நம்ம டீச்சர் பாட்டில் அடுக்கை ஏறிட்டுப் பாத்தாக. "அண்ணாச்சி... இதைச் செய்யக் கூடாதுங்கதுதான் அண்ணாச்சி பாடமே."

அப்புறம் ரெண்டு பேரும் தெருவைத் தாண்டிப் போனாக. சுப்பையா சொம்புல கம்மங்கஞ்சி குடுத்தான். முடிஞ்சுது.

அன்னிக்கு சாயந்திரமே லீசான்னு ஒரு பிள்ளை அவன் வீட்டுல பையை இறக்குனா. செல்வி வாசல்ல நின்னு பாத்தா.

அந்தப் பிள்ளை இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் மழை புடிச்சுது பாருங்க... அப்படி ஒரு மழை எங்க ஊரு கண்டதே இல்ல. என் முத்தத்துல ஒரு சொட்டு இறங்கல. மொத்தத் தண்ணியும் தெருவைக் கடந்து பள்ளத்துல இருக்க சுப்பையா வீட்டுக்குப் போயி முருங்கைக் குழியில நிரம்பிருச்சு. லீசா அதுல நின்னு குதிக்கா. அந்த ஊரு டீச்சர் போட்டோ எடுக்காக. நம்ம டீச்சர் மழைநீர் சேமிப்புன்னு பாடம் நடத்துதாக.

யாரு தண்ணி? என் தண்ணி. என் சிமெண்டு இல்லன்னா அந்தக் குழியில தவளைக்குக் கூட காலு நனைஞ்சிருக்காது.

"மாப்ள, அது எங்க வீட்டுத் தண்ணிடே"ன்னு வாசல்ல இருந்து கத்துனேன்.

"வாங்க அத்தான், வந்து அள்ளிட்டுப் போங்க"ங்கான்.

என் வீட்டுக்காரி சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்கா. தம்பி பாசம்.

அடுத்த வருசம் முத்து போனா. மதுரை ஏர்போர்ட்டுக்கு என் வண்டிதான். பிளேன் டயருல காத்து இருக்கான்னு பாத்துத்தான் ஏத்தி விட்டேன். திரும்பி வரும்போது செல்வி சன்னல் பக்கமே பாத்துட்டு வந்தா...

இத்தனை வருசம் கழிச்சு போன வாரம் மறுபடியும் அதே ரெண்டு பள்ளிக்கூடம். இப்ப யாரும் வரவும் வேண்டாம், போகவும் வேண்டாம்... எல்லாம் போன் வீடியோவுலயே. லீசா அங்க டீச்சராயிட்டாளாம். வகுப்புப் பிள்ளைகளுக்கு சுப்பையா வீட்டைக் காட்டணும்னு கேட்டிருக்கா. புது டீச்சர் ஒருத்தவுக போனைத் தூக்கிக்கிட்டு முருங்கை, ஆடு, அடுப்புன்னு காட்டுதாக. சுப்பையா அதே கலைஞ்ச தலை. நான் வெள்ளைச் சட்டை போட்டுப் பின்னாடி நின்னேன். திருப்பூர்ல கட்டிக்குடுத்த செல்வியும் லீவுக்கு வந்தவ பக்கத்துல நின்னா.

போன் தெருப் பக்கம் திரும்புச்சு. லீசா என்னமோ கேட்டா. டீச்சர் தமிழ்ல சொன்னாக.

"எதுத்தாப்புல ஒரு பச்சை வீடு இருக்குமாம்ல? தினம் முழிச்சதும் அதைத்தான் பாப்பாங்களாம். அது எங்கன்னு கேக்காங்க."

செல்வி கல்யாணத்துக்கு நாந்தான் அந்தப் பச்சை மேல கிரீம் கலரு அடிச்சேன்.

செல்வி என்னைப் பாத்தா. "கேட்டியளாப்பா... நம்ம வீட்டைக் கேக்கா"ன்னா.

மறுநாள் காலைலயே கோவில்பட்டி பெயிண்ட் கடையில நின்னேன். அந்தக் காலத்துல டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருப்பான், கையைக் காட்டுனா எடுத்துக் குடுப்பான். இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்.

"அந்தப் பச்சை இப்ப வாரதில்ல அண்ணாச்சி. பழைய போட்டோ இருந்தா கொண்டாங்க, பாத்து மிஷின்ல கலந்து தாரோம்."

எங்க வீட்டுல ஒரு போட்டோ இல்ல. என் பச்சைச் சுவரு தெரியுற போட்டோ உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு... அந்த மழையில அந்த ஊரு டீச்சர் எடுத்து அனுப்புனது. முருங்கைக் குழியில லீசா, பக்கத்துல சுப்பையா, மூலையில என் வீடு. பிரேம் போட்டு அவன் டிவிக்கு மேல மாட்டி வச்சிருக்கான்.

அன்னையிலருந்து அவன் வாசல் வரைக்கும் போறேன், வாரேன்.

"என்ன அத்தான், கஞ்சி குடிக்கியளா?"ங்கான்.

"சும்மாதான் வந்தேன் மாப்ள"ன்னுட்டுத் திரும்பிருதேன்...