பெயர் கேட்டேன், பெயர் வைத்தது

நான் படித்தது எட்டாம் வகுப்பு. நர்ஸான மனைவியின் கிரீன் கார்டில் எடிசன் நகருக்கு வந்து, கேஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போட்டவன், மூன்றே வருடத்தில் பார்சிப்பனி ஊர் அலுவலகம் ஒன்றில் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டேன். யார் சொல்லிக்கொடுத்தது என்பார்கள். ஒருவருமில்லை. தடித்த புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து நானே கற்றது.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, என் கான்ட்ராக்டை நீட்டிப்பதா இல்லையா என்று மேனேஜர் சொல்வதாக இருந்தது. இல்லையென்றால் மறுபடி கேஸ் ஸ்டேஷன்தான். காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. நாலு காபி ஆயிற்று. கை சும்மா இருக்குமா? ரிப்போர்ட் எடுக்கும் கட்டளைத் தொகுப்பான ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன்: hostname -f. உன் முழுப் பெயர் என்ன என்று மெஷினைக் கேட்பது. என் மேசையிலிருந்த லினக்ஸ் மெஷின் அழகாகச் சொன்னது. அதையே பெரிய சர்வரில், எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக நுழைந்து ஓட்டினேன்.

பத்து நிமிடத்தில் பிரிண்டர்கள் நின்றன. ஒருவராலும் லாகின் பண்ண முடியவில்லை.

பக்கத்து இருக்கையில் எம்.டெக். படித்த சென்னைப் பெண். "அங்கிள், எதையாவது தொட்டீங்களா?"

"ஆபீஸ்ல அங்கிள்னு கூப்பிடாதம்மா. ரிப்போர்ட் ஸ்கிரிப்ட்தான். நல்லா ஓடுச்சே!"

"எங்க ஓடுச்சு?"

"என் லினக்ஸ்ல."

"சுத்தம்."

மணி மூன்று. காரிடாரில் இரண்டு நடை நடந்துவிட்டு வந்து ரிப்போர்ட்டைப் பார்த்தேன். பெயர் வர வேண்டிய இடம் காலி. சர்வரில் வெறும் hostname என்று அடித்தேன். பதில்: -f.

தூக்கிவாரிப் போட்டது. லினக்ஸ் போலில்லை, சர்வரில் ஓடிய பழைய யூனிக்ஸில் hostname-க்குப் பின்னால் எதை எழுதினாலும் அதுவே மெஷினின் புதுப் பெயர். நான் பெயர் கேட்டேன், அது வைத்துக்கொண்டது. இமிக்ரேஷனில் என் இனிஷியலையே குடும்பப் பெயராக்கி அனுப்பினார்களே, அதே கதை. எம்.டெக். கண்ணில் படாதது என் கண்ணில் பட்டதென்றால் சும்மாவா?

பழைய பெயரை அடித்தேன். பிரிண்டர்கள் உறுமின.

"கண்டுபிடிச்சேன் பாத்தியா!"

"கெடுத்ததும் நீங்கதானே அங்கிள்."

நாலு மணிக்கு மேனேஜரிடம் நானே ஒப்புக்கொண்டேன். சர்வரின் பதிவில் எப்படியும் தெரிந்திருக்கும், அது வேறு விஷயம். ஆறு மாதம் நீட்டித்தார். ரூட் பாஸ்வேர்டை மட்டும் மாற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். ஆறு மாதமும் ஒவ்வொரு கட்டளைக்கும் அந்த மேசையருகே போய்க் கால் மாற்றி நின்றேன்.

"கொஞ்சம் அடிச்சுக் குடும்மா."

"மொதல்ல எந்த மெஷின்னு சொல்லுங்க, அங்கிள்."