ஹெல்ப் என்று எழுதிய கை

எங்கள் அம்பத்தூர் கம்பெனியில் யாருக்கு இங்கிலீஷில் லெட்டர் வேண்டுமென்றாலும் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம்தான் வருவார்கள். லீவு கேட்கும்போது ‘ஆஸ்க்’ போட்டால் முறைப்பது போலிருக்கும், ‘பெக்’ போட்டால் கெஞ்சுவது போலிருக்கும், ‘ரிக்வெஸ்ட்’தான் சரி என்று பெரிய மேதாவி மாதிரி விளக்கம் வேறு சொல்வேன். அதற்கு ஒரு மசால்வடை கிடைக்கும்.

போன மாதம் மேனாம்பேட்டு அக்கா வந்தார். கார்களுக்குப் போகும் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுவது எங்கள் வேலை. அதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. லைன் லீடர் இடத்துக்கு ஏற்கெனவே இரண்டு முறை எழுதிக் கேட்டிருந்தார். இரண்டு முறையும் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கே கிடைத்தது. இதுவும் போனால் இனி கேட்கவே மாட்டேன் என்றார். அந்த இரண்டு லெட்டரும் நான் எழுதியவைதான்.

மூன்றாவதையும் எழுதித் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

“புதுசா வர்றவங்களுக்கு ஹெல்ப் பண்ணியிருக்கேன்னு போட்டிருக்கேன்க்கா.”

“ஹெல்ப்புன்னா, கூடமாட ஒத்தாசையா நிக்கறதா?”

“ஆமா.”

“அத்த எடு.”

போனில் தேடி அசிஸ்ட், சப்போர்ட் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். ‘டீச்’ இருக்கிறது, ஆனால் அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியும் என்றேன். அடக்கம் என்று நான் பெயர் வைத்திருந்த பயம் அது.

“நீ வந்த அன்னிக்கு நான் இன்னா பண்ணேன்? சொல்லு.”

அன்று நான் சுற்றிய டேப்பை அக்கா மூன்று முறை பிரித்துப் போட்டார். ஒரு சுற்று மேல் அடுத்த சுற்று பாதி ஏறவேண்டும் என்று என் கட்டைவிரலைப் பிடித்து அழுத்திக் காட்டினார். அழுதுகொண்டே நாலாவது முறை சுற்றினேன், சரியாக வந்தது. இன்று வரை அப்படித்தான் சுற்றுகிறேன். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஹெல்ப்பை அடித்துவிட்டு டீச் என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் அந்த லெட்டரோடு எங்கள் லைனுக்கு வந்தார். என் மேசையிலிருந்த ஒயர்க்கட்டு ஒன்றை எடுத்து நகத்தால் நெருடிப் பார்த்தார்.

“உனக்கு யார் கத்துக் குடுத்தது?”

“அக்காதான் சார்.” சத்தமாகவே சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை முதல் அக்காதான் லீடர். வந்ததும் வராததுமாக, தளர்வாக இருக்கிறதென்று என் கட்டு ஒன்றைப் பிரித்துப் போட்டார்.