குப்பையில் போட்டதாகச் சொன்ன ஹார்ட் டிஸ்க்

எங்கள் பழைய கம்ப்யூட்டரில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, அடிக்கடி நின்றுபோனது. ஒரகடத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் புது ஹார்ட் டிஸ்க் போட்டுத் தந்தார். பழையதைக் கேட்டேன். "செத்த டிஸ்க் உனக்கு இன்னாத்துக்குக்கா? குப்பைல போட்டுட்டேன்" என்றார். நம்பி வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, கம்பெனியில் என்னோடு அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பெண் செல்வி தயங்கியபடி வந்தாள். "அக்கா, நான் வாங்குன பழைய கம்ப்யூட்டர்ல ஒங்க பாப்பா போட்டோல்லாம் கெடக்கு." அவள் அறைக்கு ஓடினேன். அதே 'டிக் டிக்'. என் மகளைக் குளிப்பாட்டும் படங்கள், கணவரின் ஆதார் நகல் எல்லாம் அப்படியே இருந்தன. அவள் வாங்கியதும் அதே கடையில்தான்.

அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு இருவரும் போய்க் கேட்டோம். "போட்டோதானேக்கா, அழிச்சிட்டாப் போச்சு" என்று சிரித்தார். தெருவே கூடும்படி கத்தினேன். "என் பொண்ணு படத்த எவன் கைல வேணா குடுப்பியா? சாகப்போற டிஸ்க்க இந்தப் பொண்ணு தலைல வேற கட்டியிருக்கியே!" அதன் பிறகுதான் சிரிப்பு நின்றது. டிஸ்க்கைக் கழற்றி என்னிடம் தந்தார்; செல்விக்குப் புதிதாக வேறு போட்டுக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் எதைப் பழுதுபார்க்கக் கொடுத்தாலும், கழற்றிய பாகம் கைக்கு வரும்வரை கடையை விட்டு நகர்வதில்லை. "இன்னாக்கா, நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டால், "இல்லை" என்றே சொல்லிவிடுகிறேன்.

— ஒரு வாசகி, வல்லக்கோட்டை