பின்னால் உருளாத வண்டி

"23 பெப்ரவரி, ஞாயிறு. லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடினது போய் இப்ப 10. வண்டி அதே வண்டி. ரோட்டும் அதே ரோட்டு. மாறினது ஒண்ணுதான்."

என் கணவர் எழுதி, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்த துண்டு இது. மாறிய அந்த ஒன்று நான். அதற்கு முந்திய ஆவணியில்தான் எனக்குக் கார் ஓட்டும் லைசன் கிடைத்திருந்தது.

தேதி போட்ட தாளை நான் தூக்கிப் போடுவதில்லை. பழைய மின்வெட்டு அறிவித்தல், கோயில் தேர்த்திருவிழா நோட்டீஸ் எல்லாம் அலுமாரியில் இருக்கின்றன. ஆகவே இதையும் கிழிக்கவில்லை. வென்ற ராஜாக்கள் வெட்டிவைத்த கல்வெட்டுகளில் ஆண்டும் நாளும் நட்சத்திரமும் சரியாகவே இருக்கும். தோற்றவன் கதை மட்டும் ஒரு வரியில் முடிந்திருக்கும். இதுவும் அந்த இனம் என்று நினைத்துக்கொண்டே பால் எடுத்தேன்.

நான் வத்தேகமவுக்கு அருகே ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீடு கண்டியில், மஹய்யாவையில். பத்தொன்பது வருடம் பஸ்ஸில் போய்வந்தேன். நெரிசல் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு நடப்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. வாசிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வண்டி ஓட்டத் தொடங்கிய பிறகுதான் யார் கையும் படாத உடம்போடு வகுப்புக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று அறிந்தேன். ஆகவே அந்தச் சாவி எனக்குச் சாவி மட்டும் அல்ல. அவருக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் எந்தப் பேச்சும் கடைசியில் அந்தச் சாவியிலேயே போய் நின்றது.

வார நாட்களில் வண்டி எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு. இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய அக்கா மாவனெல்லைக்குக் குடிபோனதிலிருந்து ஒரு ஞாயிறும் தவறாமல் போய்வருவார். நான் அண்ணி என்று கூப்பிடும் அந்த அக்கா இங்கே வந்தால் இரவுச் சாப்பாட்டோடு என் கதையும் பரிமாறப்படும்.

"அண்ணி, எங்க டீச்சர் காலையில தேத்தண்ணி குடிக்கிறதில்ல. பெற்றோல்தான்" என்றேன் ஒருமுறை என்னைப் பற்றி நானே அவர் பாணியில், அவர் தொடங்கும் முன். அப்படிச் சொன்னால் அடி குறையும் என்று நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அவளே ஒத்துக்கிட்டா பாத்தியா" என்றார் அக்காவிடம்.

"பொம்பளைங்க கால் ரெண்டையும் ஊனித்தான் ஓட்டுவாங்களாம். எங்க பக்கத்து வீட்டுல சொன்னாங்க" என்றார் அண்ணி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

மார்ச் முதல் சனிக்கிழமை என் பிழையைக் கண்டுபிடிப்பதற்காகப் பக்கத்து ஆசனத்தில் ஏறினார். மடியில் குடை. வத்தேகம வரை போய்த் திரும்பும்வரை, நான் கிளச்சில் கால் வைத்த ஒவ்வொரு தடவையும் குடை நுனியால் என் முழங்காலில் தட்டினார். பலமாக இல்லை. பாடசாலையில் பிள்ளைகளை அப்படித் தட்டினால் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து கடிதம் வரும்.

"இப்ப எதுக்குக் கிளச்?"

"முன்னால பஸ் நிக்குது."

"தூரத்துலயே தெரியலயா? கண்ணு எதுக்கு இருக்கு?"

"தெரிஞ்சுதான் மிதிச்சேன்."

"தெரிஞ்சே மிதிக்கிறா" என்றார் கண்ணாடியைப் பார்த்து, பின் ஆசனத்தில் யாரோ சாட்சிக்கு இருப்பதுபோல.

இறங்கும்போது தீர்ப்பு வந்தது. "மார்ச் முடியட்டும். பன்னிரண்டுக்காவது ஏறலேன்னா சாவி என்கிட்ட. நீ பழையபடி பஸ்."

நான் செய்யாதது இல்லை. காற்று வடிகட்டியை மாற்றினேன். பிளக் நான்கையும் மாற்றினேன். வாரத்துக்கு ஒருமுறை பெற்றோல் செட்டில் டயருக்குக் காற்றுப் பார்த்தேன். ஏசி போடாமல் வியர்வையோடு போனேன். இரண்டு செட் மாறி நிரப்பிப் பார்த்தேன். பத்து பத்தாகவே இருந்தது. ஒரு கிழமை ஒன்பதுக்கு இறங்கியது. அன்று அவர் சுவரில் இருந்த கலண்டரில் முப்பத்தோராம் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

இவ்வளவு அவமானத்திலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது. கண்டியில் வண்டி பழகுகிறவர்களுக்குப் பெரிய பயம் மேட்டில் நின்று புறப்படுவதுதான். பிரேக்கிலிருந்து கால் எடுத்து எக்ஸிலேட்டரில் வைப்பதற்குள் வண்டி பின்னால் உருளும். பின்னால் ஒரு முச்சக்கர வண்டி ஒட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறும் இடம் அப்படிப்பட்ட மேடு. தொடக்கத்தில் அங்கே ஒவ்வொரு காலையும் பின்கண்ணாடியை மூன்று தரம் பார்ப்பேன். புது வருடம் பிறந்த பிறகு உருளுவது குறைந்தது. மாசியில் நின்றேவிட்டது. கால் எடுத்தாலும் வண்டி அப்படியே நிற்கும். நான் நிதானமாகப் புறப்படுவேன். ஆசிரியர் அறையில் இதைச் சொல்லி, லைசன் எடுக்கப் பயந்த இரண்டு பேருக்குத் தைரியம் கொடுத்திருக்கிறேன். எப்படிக் கிளச்சைப் பாதியில் பிடிப்பது என்று விளக்கியும் இருக்கிறேன்.

மார்ச் மூன்றாம் கிழமையில் ஒரு காலை. பாடசாலை வாசலில் லேசான சரிவு. வண்டியை நிறுத்தி இறங்கினேன். விஞ்ஞான டீச்சர் கார் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்ன டீச்சர், ஹேண்ட் பிரேக் போடல்ல. கியரும் நியூட்ரல்ல கிடக்குது. நல்லவேளை, போகல்ல."

நல்லவேளை என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டு நின்றேன். கடந்த வருடம் இதே இடத்தில், இதே மறதியில், வண்டி தானாக உருண்டு மதிலில் போய் முட்டியிருந்தது. பின்விளக்கில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. பானட்டில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளிப் பார்த்தேன். இறக்கத்தின் பக்கமாகத்தான் தள்ளினேன். அசையவில்லை. குனிந்து முன் டயரைத் தாங்கும் சில்லின் நடுவில் விரல் வைத்தேன், சுட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டபோது எனக்கு இரண்டு விடயம் ஒன்றாகப் புரிந்தது. பிரேக் பிடித்த சில்லை இழுத்துக்கொண்டுதான் வண்டி ஓடுகிறது. பெற்றோல் அங்கேதான் போகிறது. மேட்டில் இத்தனை நாள் நின்றதும் நான் அல்ல.

மூன்றாவது விடயம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது புரிந்தது. நாட்டில் பெற்றோல் தட்டுப்பாடாகி வரிசையில் கிடந்த காலத்தில் என் கணவர் ஒரு வித்தை பழகினார். கடுகண்ணாவ இறக்கத்தில் நியூட்ரலில் போட்டுவிட்டு, மாவனெல்லைப் பக்கம் வரை பிரேக்கை மட்டும் மிதித்து இறங்குவது. "சொட்டு பெற்றோல் இல்லாம இறக்கிட்டேன்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். வரிசை போய்விட்டது, வித்தை போகவில்லை; ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்கும் அப்படித்தான் இறங்கினார். ஞாயிறு மாலைகளில் வீட்டு முற்றத்தில் ஒரு தீய்ந்த வாசனை வரும். பக்கத்தில் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நான் ஜன்னலைச் சாத்துவேன். போன மாதம் அவரே மேசையில் சொன்னார்: "இப்பல்லாம் வண்டி அடங்கி வருது. பிரேக்கே தேவப்படுறதில்ல. எல்லாம் கைப்பழக்கம்."

சொல்லாமல் தனியாகவே திருத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கராஜுக்குப் போனேன். அங்கே எல்லோரும் பாஸ் என்று கூப்பிடும் மெக்கானிக்கிடம் என்ன பார்க்க வேண்டும் என்று நானே சொன்னேன். பாஸ் முன் சில்லை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினார். சுற்றவில்லை.

"டீச்சர் சொன்னது சரிதான். பிரேக் பிஸ்டன் ஒட்டிக்கிட்டு ஈக்கி. ரப்பர் எல்லாம் வெந்து போய்த்து" என்றார்.

"ஏன் பாஸ் அப்பிடி வேகுது?"

"நீட்டு இறக்கத்துல நியூட்ரல்ல வந்தா இப்பிடித்தான். எஞ்சின் பிடிக்காது. எல்லாப் பாரமும் பிரேக்குக்கு."

"நியூட்ரல்ல யாரு வருவாங்க?" எனக்கு அவசரமே இல்லை.

"பெற்றோல் மிச்சம் பிடிக்கப் போற ஆக்கள்தான். மிச்சம் பிடிச்சிப் பிடிச்சி இங்க கொண்டு வருவாங்க."

நான் கணவரைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்த முகம் இருந்தது. சிவந்து, காது வரை. ஒரு நிமிடம் அதை நன்றாக அனுபவித்தேன். போதாமல் கைப்பேசியை எடுத்து அங்கேயே அண்ணிக்குச் சொன்னேன். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அண்ணி, உங்க தம்பி உங்ககிட்ட வந்து வந்துதான் பிரேக் எல்லாம் பொசுங்கிக் கிடக்கு."

"அப்ப என் வீட்டுக்கு வரக்கூடாதுங்கிற. அதுக்குத்தான் இவ்வளவும்" என்றார் அண்ணி. தொடர்பு அறுந்தது.

அதற்குள் என் கணவர் யோசித்து முடித்திருந்தார். கழற்றிய சில்லைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, பல வாரங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"பாஸ், எங்க டீச்சர் மேட்டுல நிக்கிறா, மேட்டுல நிக்கிறான்னு ஊரெல்லாம் பேச்சு. நின்னது இவ இல்ல. உங்க பிஸ்டன்."

பாஸும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு என்னைப் பார்த்ததும் குனிந்து ஸ்பேனரைத் தேடினார்.

திருத்திய வண்டி செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தள்ளினால் தொட்டில்போல் போயிற்று. மறுநாள் காலை என் கணவர், தன் கடையைத் திறக்க இன்னும் நேரமாகவில்லை என்று சொல்லி என்னோடு ஏறினார். ஒழுங்கை மேட்டில் பஸ் ஒன்று குறுக்கே போவதற்காக நிறுத்தினேன். கால் எடுத்தேன். வண்டி பின்னால் போயிற்று. பெரிய சத்தம் இல்லை, பின்னால் நின்ற முச்சக்கர வண்டியின் முன் மட்கார்டு மடிந்த சத்தம் மட்டும்.

சாரதி இறங்கி வந்தார். "மொகத மே, நோனா?" என்று சிங்களத்தில் கேட்டார், என்ன இது அம்மா என்று. கோபத்தைவிடக் களைப்பு அதிகமாக இருந்த குரல்.

நான் கதவைத் திறப்பதற்குள் என் கணவர் இறங்கிவிட்டார். அந்த மனிதரின் தோளில் கைபோட்டு, மிகவும் மரியாதையான சிங்களத்தில், நோனாவுக்கு இன்னும் பழகவில்லை, தன் பிழைதான், கொடுத்திருக்கக் கூடாது என்று சொன்னார். அந்த ஆள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு என் கணவர் என் பக்கம் வந்து ஜன்னலுக்குள் கைநீட்டிச் சாவியை எடுத்தார். எஞ்சின் நின்றது. பின்னால் வாகனங்கள் ஒலி எழுப்பின.

"பெற்றோலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றேன். "நீங்க சொன்னது பெற்றோல்."

"ஆமா. பெற்றோல் சரியாயிரும்" என்றார். "எறங்கு, பஸ் வருது."

இறங்கினேன். பெற்றோல் சரியாகிவிட்டது, லீற்றருக்குப் பதினான்கு ஓடுகிறது என்று அவரே சொன்னார். நான் இப்போது காலையில் இரண்டு பஸ் மாறிப் போகிறேன். தோள்பையை முன்னால் போட்டுக்கொள்ளும் பழக்கம் முதல் நாளே திரும்பி வந்துவிட்டது. மேட்டில் நின்று புறப்படுவதை யாராவது மறுபடி சொல்லித் தந்தால் சாவியைக் கேட்கலாம் என்று, கட்டுகஸ்தோட்டையில் ஒரு சாரதிப் பயிற்சி நிலையத்தில் விசாரித்து வைத்திருக்கிறேன்.

விசாரித்துத் திரும்பிய அன்று அந்தக் கராஜைக் கடந்து நடந்தேன். பாஸ் கூப்பிட்டு ஒரு விடயம் சொன்னார். ஜனவரியில் ஒருநாள், ஹோர்ன் வேலை செய்யவில்லை என்று, எங்களுடையதைப் போல ஒரு வெள்ளை வண்டி வந்ததாம். வலப்பக்க முன் சில்லு சுடுகிறது, பிரேக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று தான் சொன்னதாகவும், வந்த ஆள் பிறகு பார்ப்போம் என்று போய்விட்டதாகவும் சொன்னார்.

"அது எங்க வண்டியா பாஸ்?"

"ஸார் மாதிரித்தான் ஈந்திச்சி. சத்தியம் பண்ண ஏலாது டீச்சர். வெள்ள வண்டி எத்தின வருது."

அன்று இரவு கேட்டேன். ஜனவரியில் கராஜ் பக்கமே போகவில்லை என்றார் கணவர், தட்டைப் பார்த்தபடி. தைப்பொங்கல் கிழமையில் எங்கள் வண்டியின் ஹோர்ன் வேலை செய்யவில்லை. அம்பிட்டிய வளைவில் நான் ஜன்னலைத் திறந்து கத்த வேண்டியிருந்தது. மாத முடிவில், ஃபிரிட்ஜில் அந்தத் துண்டு ஏறுவதற்கு முன்பே, அது ஒலித்தது. யார், எங்கே, எந்த நாளில் அதைத் திருத்தினார் என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.